வெயில் முறை

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். செவல் நாட்டின் முதல் தலைவர் காந்திமதி. மேலச்செவலின் பிரதிநிதி குருசாமி. துறைப்பட்டியின் பிரதிநிதி பீர்முகம்மது. ஆனைக்கல்லின் பிரதிநிதி சங்கரபாகம். வானத்துக் கண்ணாடியை இயக்கும் பொறியாளர் ஜெபராணி. ஆறாவது ஆள் காந்திமதியின் அண்ணன் ஆவுடையப்பன். அவருக்குப் பதவி ஏதும் கிடையாது. தலைவரின் குடும்பத்துக்குப் பெரியவர் என்கிற உரிமையில், சுவரோரமாகப் போட்டிருந்த நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். வேறு யாரும் இல்லை. தாங்களும் அங்கே இருந்ததாகப் பின்னாளில் சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள் கதவுக்கு வெளியே கூட நின்றதில்லை.

செவ்வாய்க் கிரகத்தில் இருந்த மூன்று ஊர்களும் சேர்ந்து ஒரு நாடாகி அப்போது ஒரு வாரம்கூட ஆகவில்லை. கொடி தைத்ததில் மிஞ்சிய துணியை மேசை விரிப்பாகப் போட்டிருந்தார்கள். நாற்காலிகள் அதுவரை மூன்று ஊர்களையும் நடத்திய கம்பெனி விட்டுப்போனவை. கம்பெனி வேறு எதையும் விட்டுப்போகவில்லை. மூன்று ஊர்களுக்கும் சூடும் மின்சாரமும் கொடுத்த உலையைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கப்பலில் ஏற்றிவிட்டது. கண்ணாடியை மட்டும் கழற்ற முடியவில்லை. அது வானத்தில் இருந்தது.

ஓர் ஊரையே மூடிவிடும் அளவுக்கு அகலமான மெல்லிய தகடு அது. சூரிய ஒளியைப் பிடித்து, எந்த ஊரின் மேல் திருப்பினாலும் அங்கே பகல் இரண்டு மடங்காகும். தூசிக்காலத்தில் சூரியன் பழைய செப்புக் காசு போல மங்கிப்போகும்போது அதுதான் உயிர். பாசித் தொட்டிகளுக்கு வெளிச்சம் வேண்டும். பாசி உயிரோடு இருந்தால்தான் ஊருக்கு மூச்சும் இருக்கும், சோறும் இருக்கும்.

"பத்து நாள் முழு வெளிச்சம் கிடைச்சா ஓர் ஊர் அந்தத் தூசிக்காலம் முழுக்கத் தாங்கிடும்" என்றார் ஜெபராணி. "பாசி கெட்டியாகிடும், உப்புப் பாறையில சூடும் தங்கிடும். ஆனா ஒரு நேரத்துல ஓர் ஊருக்குத்தான் கண்ணாடியைத் திருப்ப முடியும். அதனால முறை வைக்கணும். முதல் முறை ஆனைக்கல்லுக்கு. அங்க கூரை பழசு, சூடு நிக்காது. அடுத்தது துறைப்பட்டி. மேலச்செவல் கடைசிவரைக்கும் காத்திருக்கலாம். அவங்க கூரை புதுசு."

ஆனைக்கல் காந்திமதி பிறந்த ஊர்.

குருசாமி நாற்காலியைப் பின்னால் தள்ளிச் சாய்ந்துகொண்டார். "நல்லா இருக்கு. கம்பெனிக்காரன் லாபத்தைப் பாத்துத் திருப்பினான். நாம தலைவரம்மா பொறந்த ஊரைப் பாத்துத் திருப்புதோம். கொடி மட்டும்தான் புதுசு போலிருக்கு."

"குருசாமி, காலையில டீ குடிக்கலையா வே?" என்றார் பீர்முகம்மது. "வந்ததும் வராததுமா கடிக்கீரு."

"கடிக்கல பாய். ஊர் என்ன பேசும்னு சொன்னேன்."

"எங்க கூரை ஓட்டையா இருக்கு. அதைச் சொல்ல நாங்க எதுக்கு வெக்கப்படணும்?" என்றார் சங்கரபாகம்.

ஜெபராணி குறுக்கிட்டார். "கூரை மட்டும் இல்ல. இன்னொரு காரணமும் இருக்கு. இந்தத் தடவை தூசி..."

ஆவுடையப்பன் எழுந்து நின்றார். அந்த அறையில் அவர் பேசக்கூடாது என்று அவருக்கே தெரியும். ஆனால் குருசாமியின் வார்த்தை அவர் காதுக்குள் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

"போதும்மா. காரணத்து மேல காரணம் அடுக்கினா நியாயம்கூடச் சாக்கு மாதிரிதான் கேக்கும். எங்க வீட்டுக்காக யாரும் வக்காலத்து வாங்க வேண்டாம்."

"அண்ணே, அவங்க சொல்லி முடிக்கட்டும்" என்றாள் காந்திமதி. ஜெபராணி அதற்குள் தலையைக் குனிந்துகொண்டுவிட்டார். அறை கசந்துபோயிற்று. டீ குடித்துவிட்டு வரலாம் என்று தலைவர் சபையைக் கலைத்தார்.

பக்கத்து அறையில் அண்ணனும் தங்கையும் மட்டும்.

ஆவுடையப்பன் உட்காரவில்லை. "நம்ம வீட்டுக்கு என்ன பேருன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"சொல்லு."

"கடைசிப் பந்தி வீடு."

அவர்களுடைய அப்பா முதல் கப்பலில் வந்தவர். கப்பலிலும், பிறகு ஆனைக்கல்லிலும், பொதுச் சமையலறையின் கரண்டி அவர் கையில் இருந்தது. கரண்டி பிடிக்கிறவன் எல்லோருக்கும் பிறகுதான் உண்ண வேண்டும் என்று அவர் தனக்கே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். பாசி செத்துப்போன ஒரு வருஷம் கடைசிப் பந்திக்குப் பல நாள் எதுவும் மிஞ்சவில்லை. அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் கரண்டியோடு விழுந்தார், பிறகு எழவில்லை. ஊர் கூடி அந்தக் குடும்பத்துக்கு அந்தப் பெயரை வைத்தது. அன்றிலிருந்து எதைப் பங்கு வைத்தாலும், பங்கு வைக்கிறவர் வீட்டுக்குக் கடைசிப் பங்கு என்பது மூன்று ஊர்களிலும் வழக்கமாயிற்று. ஆவுடையப்பனுக்கு அதைவிடப் பெரிய சொத்து எதுவும் இல்லை. இருந்திருந்தாலும் அவர் அதைச் சொத்து என்று ஒப்புக்கொண்டிருக்கமாட்டார்.

"அந்த வீட்டுப் பொண்ணு, கையில கரண்டி வந்ததும் முதல் பந்தியில உக்காரலாமா?" என்றார்.

"அண்ணே, அப்பா அவர் சோத்தைத்தான் விட்டுக்கொடுத்தாரு. அடுத்தவன் சோத்தை இல்ல. ஆனைக்கல் என் சோறா?"

"நீ வாதம் பண்ணுத. நான் பேரைச் சொல்லுதேன்."

"ஜெபராணி கணக்குப் போட்டுத்தான் சொல்லுதா."

"கணக்கை யாரு பாக்கப் போறா? முதல் வெயில் எங்க விழுந்துச்சுன்னுதான் பாப்பாவ. நாளைக்குக் குருசாமி ஊருக்குப் போய் நாலு பேர்கிட்ட இதையே சொன்னா மேலச்செவல் தனியாப் போயிடும். ஐஸ் சுரங்கம் அவன்கிட்ட இருக்கு. தண்ணி இல்லாம உன் நாடு எத்தனை நாளைக்கு? நீ ஆனைக்கல்லுக்குத் தலைவரா, இல்ல நாட்டுக்கா?"

காந்திமதி கையிலிருந்த டீயைக் குடிக்கவே இல்லை. நாடு என்று அவர் சொன்னது அவளைத் தொட்டது. பேர் என்று அவர் சொன்னது அதைவிட ஆழமாகத் தொட்டது. அவளும் அந்த வீட்டில்தானே வளர்ந்தாள்.

"கொஞ்சம் தனியா இருக்கேன்" என்றாள்.

ஆவுடையப்பன் வெளியே வந்து கதவை மூடி, அதன் முன்னால் நின்றார். சற்று நேரத்தில் ஜெபராணி வந்தார்.

"அண்ணாச்சி, தலைவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்."

"சபையில சொல்லும்மா. உள்ள போய்த் தனியாப் பேசினா, ஆனைக்கல்லுக்கு ரகசிய ஏற்பாடுன்னு பேச்சு வரும்."

"ஒரு நிமிஷம்தான்."

"பேச்சு வர ஒரு நிமிஷமே அதிகம்."

ஜெபராணி போய்விட்டார்.

சபை மறுபடி கூடியதும் காந்திமதி நின்றுகொண்டே பேசினாள். முதல் முறை மேலச்செவலுக்கு, இரண்டாவது துறைப்பட்டிக்கு, பங்கு வைக்கிறவர் ஊர் என்பதால் ஆனைக்கல் கடைசி. குருசாமியின் முகம் ஒரு மாதிரி போயிற்று. அவர் எதிர்பார்த்தது இதுவல்ல என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. பீர்முகம்மது முதலில் கைதட்டினார். பிறகு குருசாமியும் தட்டினார். ஜெபராணி ஏதோ சொல்ல வாயெடுத்தது கைதட்டலில் அமுங்கிவிட்டது.

சங்கரபாகம் மட்டும் தட்டவில்லை. அவர் ஆவுடையப்பனின் மனைவிக்குத் தம்பி. வெளியே வரும்போது கிட்டே வந்து நின்றார்.

"அத்தான், இது உங்க யோசனையா?"

"தலைவர் முடிவு."

"முகத்தைப் பாத்தா உங்க யோசனை மாதிரி இருக்கு. மாலைக்குக் கழுத்தை நீட்டுன முகம்."

ஆவுடையப்பன் நிற்காமல் நடந்தார். மைத்துனனிடம் பதில் சொல்வது அவருக்குப் பழக்கமில்லை.

மறுநாள் மேலச்செவல் மேல் வெயில் விழுந்தது. அங்கே ஜனங்கள் கூரைக்கு அடியில் கூடி நின்று அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டார்கள். தன் ஊரைக் கடைசியில் வைத்த தலைவர் என்ற பேச்சு மூன்று ஊருக்கும் போயிற்று. நாட்டில் சேருவதா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டிருந்த சுரங்கக்காரர்கள் தாங்களாகவே வந்து உறுதிமொழி எடுத்தார்கள். ஆவுடையப்பன் நடந்துபோனால் வழியில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர் யாருக்கும் தலையசைக்கவில்லை. பெருமையை வாங்கிக்கொள்ளவும் ஒரு முறை இருக்கிறது. அது தனக்குத் தெரியும் என்று அவர் நினைத்தார்.

அவர் மனைவி சிவகாமி ஆனைக்கல்லிலேயே இருந்தாள். தலைவரின் குடும்பத்துக்கென்று தலைநகரான துறைப்பட்டியில் ஒதுக்கிய இடத்துக்கு அவளை அழைத்துவர அவர் மறுத்திருந்தார். மேலச்செவலின் முறை முடிகிற சமயத்தில் அவள் திரையில் வந்தாள். வீட்டுக்குள்ளேயே கம்பளியைப் போர்த்தியிருந்தாள். பேசும்போது வாயிலிருந்து ஆவி வந்தது.

"எப்படி இருக்க?" என்றார்.

"இருக்கேன். பாசித் தொட்டி உங்க பழைய வேட்டி நிறத்துக்கு வந்துட்டு. எங்க வெளுப்பா இருக்கோ அங்க செத்ததைச் சுரண்டி எடுக்கோம்."

"இன்னும் கொஞ்ச நாள்தான்."

"உங்க தங்கச்சியை இங்க எல்லாரும் புகழுதாவ தெரியுமா? மூச்சு வாங்க வாங்கப் புகழுதாவ. நடுவுல இருமிட்டுத் திரும்பவும் புகழுதாவ."

"கிண்டல் பண்ணாத."

"வேற எதை வச்சுச் சூடாக்கிக்கிறது? ஏங்க, ஒண்ணு கேக்கேன். உங்க அப்பா கடைசியில சாப்பிட்டாரு சரி. பந்தியில இருந்தவுகளைப் பட்டினி போட்டாரா?"

தங்கை கேட்ட அதே கேள்வி. அவர் திரையை அணைக்கவில்லை. சிவகாமி தானே அணைத்தாள்.

துறைப்பட்டியின் முறை பாதிகூட ஆகவில்லை, சங்கரபாகம் சபையை அழைத்தார். பெரிய தொட்டி ஒன்று முழுதும் செத்துவிட்டது. வயதானவர்களுக்குப் பிராணவாயு முகமூடி கொடுத்துப் படுக்கவைத்திருக்கிறார்கள். "முறையெல்லாம் எனக்குத் தெரியாது" என்றார். "இன்னைக்கே திருப்புங்க."

"திருப்புங்கம்மா" என்று பீர்முகம்மது உடனே சொன்னார். "எங்க மிச்ச நாளை எடுத்துக்கிடட்டும். நாங்க சமாளிச்சுக்கிடுவோம்."

ஆவுடையப்பன் சுவரோரம் இருந்து சொன்னார்: "நடுவுல மாத்தினா அதுக்குப் பேரு முறை இல்ல."

காந்திமதி திரும்பிப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அவர் அவளிடம் அதுவரை கண்டதில்லை. "அண்ணே, நீ எந்திரிச்சு வெளிய போ" என்றாள்.

அவர் போனார். கண்ணாடி அன்று மாலையே திரும்பியது.

திரும்பிய வெளிச்சம் ஆனைக்கல்லின் வானத்துக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. கீழே இறங்கவில்லை. கூரைக்கு மேலே சிவப்பாக ஏதோ பரவிக் கிடப்பதாக, அடுப்புக்குள் சாம்பல் மூடிய தணலைப் பார்ப்பது போல இருப்பதாக, ஊர்க்காரர்கள் திரையில் சொன்னார்கள். ஒரு தொட்டியும் பச்சை பிடிக்கவில்லை.

கண்ணாடியை இயக்கும் அறையில் ஜெபராணி தனியாக உட்கார்ந்திருந்தார். ஆவுடையப்பன் உள்ளே போய் நின்றார்.

"ஏன் விழல?"

"தூசி, அண்ணாச்சி. இந்தத் தடவை மேற்கே இருந்து, ஆனைக்கல் பள்ளத்தாக்கு வழியா வருது. இப்ப அங்க சுவர் மாதிரி நிக்குது. எந்தக் கண்ணாடியாலயும் அதைத் துளைக்க முடியாது."

"இது முன்னாடியே தெரியுமா?"

"வர்றது தெரியும். எப்ப வரும்னு உறுதியாத் தெரியாது. அதுக்குள்ள ஆனைக்கல்லுக்குப் பத்து நாள் கொடுத்துடணும்னுதான் முதல்ல வச்சேன்."

"அன்னைக்கு ஏன் சொல்லல?"

ஜெபராணி அவரைப் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. "சொல்ல ஆரம்பிச்சேன். போதும்மான்னீங்க. தனியா சொல்ல வந்தேன். கதவுல நின்னீங்க. அப்புறம் எல்லாரும் கைதட்டினாங்க. பொறந்து ஒரு வாரமான நாட்டுல, கைதட்டலுக்கு நடுவுல எந்திரிச்சு நின்னு இது தப்புன்னு சொல்ல எனக்குத் தைரியம் வரல. அது என் பங்கு. மத்தது உங்க பங்கு."

ஆவுடையப்பன் அங்கிருந்த நாற்காலியைத் தன் பக்கம் இழுத்தார். உட்காரவில்லை.

ஆனைக்கல்லைக் காலி செய்ய முடிவாயிற்று. தூசிக்குள் பார்வை இல்லாமல், ஒன்றன் பின் ஒன்றாக ஊர்திகள் துறைப்பட்டிக்கு ஓட வேண்டும். யார் முதலில் ஏறுவது என்று கேட்டபோது சிவகாமி அவரைத் திரையில் அழைத்தாள். மூச்சுக்கு இடையே பேசினாள்.

"சங்கரபாகம் என்னை முதல் வண்டியில ஏறச் சொல்லுதான். நெஞ்சு சரியில்லைன்னு. நீங்க என்ன சொல்லுதீங்க?"

ஏறு என்று சொல்ல அவர் நாக்கு எழும்பியது. அவள் பின்னால் ஊரே நின்றுகொண்டிருந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்தவர்களும், கிழவர்களும், கடைசிப் பந்தி வீட்டுக்காரர் என்ன சொல்லப் போகிறார் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை கண்கள்.

"நம்ம வீடு கடைசி வண்டி" என்றார்.

சிவகாமி சிரித்தாள். "தெரியும். சும்மா கேட்டேன். ஒரு தடவையாவது வேற மாதிரி சொல்லுவீங்களோன்னு."

கடைசி வண்டி வரவில்லை. தூசி அடங்கிய பிறகு பள்ளத்தாக்கில் அதைக் கண்டுபிடித்தார்கள். மற்ற எல்லா வண்டிகளும் வந்து சேர்ந்தன. ஆனால் அவற்றில் வந்தவர்கள் எல்லோரும் உயிரோடு வந்து சேரவில்லை. மண் போட இடம் போதாமல் துறைப்பட்டிக்கு வெளியே புதிதாகத் தோண்டினார்கள்.

சிவகாமிக்கு மண் போட்ட அன்று குருசாமி வந்தார். எல்லோரும் போகும்வரை காத்திருந்துவிட்டு ஆவுடையப்பனின் பக்கத்தில் வந்து நின்றார். அவர் கண் சிவந்திருந்தது.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லணும். சொல்லாம இருந்தா செத்துருவேன் போலிருக்கு. அன்னைக்குச் சபைக்கு வரும் முன்னாடியே எங்க ஊர்ல பேசிட்டுத்தான் வந்தேன். ஆனைக்கல் கூரை பழசுன்னு எங்களுக்குத் தெரியாதா? முதல் முறை அவங்களுக்குத்தான், நாம கடைசியில வாங்கிக்கிடுவோம்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க."

"பிறகு எதுக்கு அப்படிப் பேசினீரு?"

"ஒரு எதிர்ப்பேச்சாவது பேசலைன்னா ஊர்ல என்னைப் பிரதிநிதின்னு எவனும் மதிப்பானா வே? சும்மா ஒரு குத்து. குத்திட்டு, கொஞ்சம் இழுத்துப் பிடிச்சுட்டு, சரின்னு சொல்லத்தான் இருந்தேன். நீங்க அதைப் போய் மாத்துவீங்கன்னு நான் கண்டேனா?"

ஆவுடையப்பன் மண்மேட்டுப் பக்கம் திரும்பினார். முதுகு மட்டும் வளையவில்லை. அது வளையப் பழகியிருக்கவில்லை.

அடுத்துக் கூடிய சபையில் காந்திமதி நாட்டு மக்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போவதாக அறிவித்தாள். பொறியாளர் சொன்னதை மீறியதையும், மானத்துக்காக மீறியதையும் சொல்லிவிட்டுப் பதவி விலகுவதாக. குருசாமி எழுந்து அவள் முன்னால் கைகூப்பினார்.

"வேண்டாம்மா. தன் ஊரையே கடைசியில வச்ச தலைவர்னுதான் மூணு ஊரும் ஒட்டிக்கிட்டு நிக்குது. அது பொய்னு ஆயிட்டா நாளைக்கு ஒருத்தனும் ஒருத்தனுக்குத் தண்ணி தரமாட்டான். கம்பெனிக் கப்பல் திரும்பி வரும்."

"பொய் இல்லையே" என்றார் பீர்முகம்மது தயங்கித் தயங்கி. "வச்சாங்கல்லா."

"சங்கரபாகம், நீ சொல்லு" என்றாள்.

"நான் என்ன சொல்ல? எனக்கு ஊரே இல்ல" என்றார் அவர்.

காந்திமதி சுவரோர நாற்காலியைப் பார்த்தாள். வெளியே போகச் சொன்ன நாளுக்குப் பிறகு அவரிடம் அவள் பேசியதே இல்லை.

"நீ என்ன சொல்லுத, அண்ணே? இதுவும் வீட்டுப் பேர்தான்."

சொல்லிவிடு என்ற ஒரு வார்த்தை போதும். குருசாமி சொன்னதிலும் நியாயம் இருந்தது என்று ஆவுடையப்பன் பிற்பாடு தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறார். ஆனால் அந்த நேரத்தில் அவர் மனதில் குருசாமியும் இல்லை, நாடும் இல்லை. தெருவில் ஒதுங்கி வழிவிட்ட ஜனங்கள்தான் இருந்தார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை.

காந்திமதி "சரி" என்றாள். "நான் இந்த நாற்காலியிலேயே இருக்கேன். ஆனா ஒவ்வொரு வருஷமும் ஆனைக்கல் நினைவு நாள்ல ஊர் கூடிப் புகழும்போது, முன்வரிசையில நீ இருக்கணும். மாலை போட்டா வாங்கிக்கணும். பாதியில எந்திரிச்சுப் போகக்கூடாது. இந்த நாட்டுல உனக்கு நான் கொடுக்கிற பதவி அதுதான்."

அவள் வெகுகாலம் ஆண்டாள். நல்ல தலைவர் என்று பெயர் எடுத்தாள். அதன் பிறகு பொறியாளர் பேசும்போது குறுக்கே யாரையும் பேசவிட்டதில்லை. அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஆனைக்கல் கதையைப் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆவுடையப்பன் வருஷா வருஷம் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்து மாலை வாங்கிக்கொண்டார். பெரியவர் எவ்வளவு அடக்கம் பாருங்கள், ஒரு வார்த்தை பேசுகிறாரா என்று பின்னால் இருந்தவர்கள் சொன்னது அவர் காதில் விழும்.

கண்ணாடி திரும்பிய அந்த மாலையில் ஆனைக்கல்லில் கொஞ்ச நேரம் நல்ல வெயில் அடித்ததாகவும், இறந்தவர்கள் எல்லோரும் அதைக் கண்குளிரப் பார்த்துவிட்டே போனதாகவும் இன்றைக்கும் ஒரு பேச்சு உண்டு. நினைவு நாளில் அதைப் பாட்டாகவே பாடுகிறார்கள். அது உண்மையில்லை. கண்ணாடி திரும்பியது. ஆனைக்கல்லில் வெயில் விழவில்லை.